விட்டதைப் பிடிக்கப் போனவன் மகள்

"அத்தே, படிச்சு முடிச்சதும் சூதாட்டத்துல மாட்டிக்கிட்டவங்களுக்காக வேலை செய்யப் போறேன்" என்று என் தம்பி மகள் சொன்னபோது நான் மடவை மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். கத்தி அப்படியே நின்றுவிட்டது. டீச்சர் வேலை, நர்ஸ் வேலை கேள்விப்பட்டிருக்கிறோம். இது என்ன வேலை? சம்பளம் யார் தருவார்கள்? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்னவென்று சொல்வது? வரிசையாகக் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, "அன்னிக்கு அப்பாகூட போன்ல பேசினாங்களே ஒருத்தங்க, அவங்களுக்கு யாரு சம்பளம் குடுத்தாங்க அத்தே?" என்றாள். எனக்கு வாயடைத்துப் போயிற்று.

சகோதரிகளே, இந்த முறை சமையல் குறிப்பு இல்லை. எங்கள் வீட்டுக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்களில் யாருக்காவது உதவுமே என்று எழுதுகிறேன்.

பழவேற்காட்டுக் குப்பங்களில் சீட்டுக் குலுக்குவது புதிய சங்கதி இல்லை. ஏரியில் இறால் வலை கட்டுவதற்கு எங்களிடம் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். இன்று எனக்கு நல்ல இடம் கிடைத்தால் நாளை உனக்கு. அதில் யாருடைய காசும் யாரிடமும் போகாது. சண்டை வராமல் இருப்பதற்காகப் பெரியவர்கள் செய்து வைத்த ஏற்பாடு அது.

காசு போகிற சீட்டையும் நான் பார்த்திருக்கிறேன். என் அப்பாவின் சட்டைப் பையில் பீடிக்கட்டோடு லாட்டரிச் சீட்டும் இருக்கும். தமிழ்நாட்டில் அரசாங்கமே 1968-ல் தொடங்கிய லாட்டரி அது. நடுவில் நிறுத்தி, மறுபடி ஆரம்பித்து, கடைசியில் 2003 ஜனவரியில் எல்லா லாட்டரியையும் தடை செய்தார்கள். அம்மா அன்று பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைத்தாள். ஆனால் 'மூணு நம்பர்' என்று திருட்டுத்தனமாக விற்கிறவர்களைப் போலீஸ் பிடித்ததாகப் பேப்பரில் இன்றும் வருகிறதே!

என் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். முகத்துவாரம் மண்மேடிட்டு அடைந்துவிட்டால் படகு கடலுக்குப் போகாது. ஆம்பிளைகள் கரையில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். முன்பெல்லாம் வலை பின்னுவார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். இப்போது ஆளுக்கொரு செல்போன். அதில்தான் என் தம்பி ரம்மி ஆடப் பழகினான். முதலில் ஐம்பது ரூபாய், நூறு ரூபாய். 'ஜெயிச்சிட்டேன் அக்கா' என்று ஒரு நாள் எனக்குப் புடவைகூட எடுத்துக் கொடுத்தான். நானும் வாங்கிக் கட்டிக்கொண்டேனே!

பிறகு ராத்திரியில் ஆடத் தொடங்கினான். போர்வைக்குள் வெளிச்சம் தெரியும், கேட்டால் 'காத்து, மழை பாக்குறேன்' என்பான் என்று தம்பி பெண்சாதி சொல்வாள். மகளிர் குழுவில் வலைக்கென்று எடுத்த கடன் போயிற்று. அவள் தாலிச் செயின் அடகுக்குப் போயிற்று. போனிலேயே கடன் கொடுக்கிற ஆப்புகள் நாலைந்து. மூன்று தரம் நான்தான் என் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் பணம் கொடுத்துக் கடனை அடைத்தேன். ஒவ்வொரு தரமும் மாதா கோவில் வாசலில் நின்று சத்தியம் செய்வான். பத்து நாள்தான்!

2023 தொடக்கத்தில் ஒரு ராத்திரி அவன் தனியாக முகத்துவாரம் பக்கம் போய் நின்றிருக்கிறான். நல்ல வேளை, பக்கத்து வீட்டுப் பையன் பார்த்துக் கூட்டி வந்தான். அப்போது பொன்னேரியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த அவன் மகள்தான் 14416 என்ற நம்பருக்குப் போன் போட்டாள். டெலி மானஸ் என்று பெயர். 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்த இலவச மனநல உதவி அது. தமிழிலேயே பேசலாம்.

அந்தப் பக்கம் பேசிய பெண் முதலில் தம்பியிடம், 'இந்த நிமிஷம் உங்களுக்கு என்ன தோணுது அண்ணே' என்று மட்டும் கேட்டிருக்கிறாள். இவன் அழுதுவிட்டான். பிறகு எங்களோடும் பேசினாள். என்னிடம் அவள் சொன்னது சுருக்கென்று தைத்தது. அவனுக்காக நான் ரகசியமாகக் கடனை அடைத்ததெல்லாம் மறுபடி ஆடுவதற்கு வழி செய்து கொடுத்ததாகத்தான் ஆகுமாம். கடன் எத்தனை, யாரிடம் என்று ஒரே காகிதத்தில் எழுதுங்கள். வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும். மீன் விற்ற காசு நேராக மனைவி கைக்குப் போகட்டும். சாதா பட்டன் போன் வாங்கிக் கொடுங்கள். பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டுங்கள் என்றாள். இது கெட்ட புத்தி இல்லை, வைத்தியம் செய்ய வேண்டிய கோளாறு என்றும் சொன்னாள். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலிலேயே சூதாட்டக் கோளாறைச் சேர்த்திருக்கிறது. நாம்தான் 'ஊதாரி' என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

எனக்கு ஒன்று தோன்றும். கடல் தொழிலில் இன்று வலை காலியாக வந்தால் நாளை நிறையும் என்று நம்பித்தான் போக வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாதவன் மீன்பிடிக்க லாயக்கில்லை. அதே நம்பிக்கையோடு சீட்டாட உட்கார்ந்தால்? விட்டதைப் பிடிக்கிறேன், விட்டதைப் பிடிக்கிறேன் என்று வீடே போய்விடுகிறது. எங்கள் குப்பத்து ஆண்கள் இதில் சுலபமாக விழுவதற்கு இதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம். டாக்டர்கள் என்ன சொல்வார்களோ!

மருமகள் இப்போது சென்னையில் எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாம் வருஷம். லீவுக்கு வந்தபோது எனக்கு நிறையச் சொன்னாள். இந்த வேலையில் இரண்டு பக்கம் இருக்கிறதாம். ஒன்று, ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவது. இன்னொன்று, அப்படிக் கேட்ட கதைகளைச் சேர்த்து எழுதிச் சட்டம் போடுகிறவர்களிடம் கொண்டுபோவது. 1986-ல் சென்னையில் 'ஸ்நேகா' என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கியவர் டாக்டர் லட்சுமி விஜயகுமார். தவித்து நிற்பவர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிற இடம் அது. 2022 ஜூனில் ஆன்லைன் சூதாட்டத்தைப் பற்றி ஆராய நீதிபதி சந்துரு தலைமையில் தமிழக அரசு போட்ட குழுவில் அவரும் ஒருவர்.

அதற்குப் பிறகு நடந்தது பெரிய இழுபறி. 2022-ல் சட்டசபையில் மசோதா நிறைவேறியது. கவர்னர் திருப்பி அனுப்பினார். மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் சட்டமானது. அந்த நவம்பரிலேயே ஐகோர்ட், ரம்மியும் போக்கரும் திறமையால் ஆடுகிற ஆட்டம், அவற்றை அடியோடு தடுக்க முடியாது, கட்டுப்பாடு வேண்டுமானால் வைக்கலாம் என்றது. குதிரைப் பந்தயத்துக்கும் இதே கதைதான். 1974-ல் இங்கே ஒழித்தார்கள், 1996-ல் சுப்ரீம் கோர்ட் அதுவும் திறமைதான் என்றது. என் தம்பியின் திறமையை நான்தான் பார்த்தேனே!

அப்புறம் 2025 பிப்ரவரியில் தமிழக அரசின் ஆணையம் விதிமுறைகள் கொண்டுவந்தது. ராத்திரி 12 மணியிலிருந்து காலை 5 மணிவரை பணம் வைத்து ஆடக் கூடாது என்பது அதில் ஒன்று. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயும் ஜூன் மாதம் ஐகோர்ட் அதைச் சரி என்றது. அந்த ஐந்து மணி நேரம் என்று படித்ததும் எனக்குத் தம்பி பெண்சாதி சொன்ன போர்வை வெளிச்சம்தான் ஞாபகம் வந்தது. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டிலேயே, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நடத்தவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்று சட்டம் வந்தது. நடத்துகிறவனுக்கு 3 வருஷம்வரை ஜெயில், 1 கோடி ரூபாய்வரை அபராதம். ஆடி ஏமாந்தவனுக்குத் தண்டனை இல்லை. அதையும் எதிர்த்துக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின.

"அப்ப உனக்கு என்ன வேலை மிச்சம் இருக்கு? அதான் தடை போட்டாச்சே" என்று கேட்டேன். "தாத்தாவோட லாட்டரியையும்தான் தடை பண்ணாங்க" என்றாள். சட்டம் ஆட்டத்தை நிறுத்தும், ஆடிப் பழகினவன் மனசை யார் நிறுத்துவது என்கிறாள். சிங்கப்பூரில் சூதாட்ட விடுதிகளுக்கு அனுமதி உண்டு. ஆனால் அங்கே 2005-லேயே பிரச்சினைச் சூதாட்டத்துக்கென்று தேசிய மன்றம் அமைத்துவிட்டார்கள். புருஷன் ஆட்டத்தில் சொத்தை அழிக்கிறான் என்றால் மனைவியே மனுக் கொடுத்து, அவன் உள்ளே நுழைய முடியாதபடி உத்தரவு வாங்கலாமாம். இதைக் கேட்டு என் தம்பி பெண்சாதி, "இங்க அதுமாதிரி இருந்திருந்தா செயின் கழுத்துலயே இருந்திருக்குமே அண்ணி" என்றாள். அதை அவள் மகள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

உங்கள் பெண்களுக்கு இதில் ஆசை இருந்தால் சமூகப் பணி, மனோதத்துவம், சட்டம் இவற்றில் ஏதாவது ஒன்று படிக்க வேண்டும். சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க், மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், பெங்களூரில் நிம்ஹான்ஸ் எல்லாம் பெயர் பெற்றவை. சம்பளம் ஆரம்பத்தில் பெரிதாக இருக்காது, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் சாந்தி ரங்கநாதன் அம்மாள் குடியினால் கணவரைப் பறிகொடுத்த பிறகுதான் 1980-ல் சென்னையில் குடிநோயாளிகளுக்கான டி.டி.கே. ஆஸ்பத்திரிக்கு வழி செய்தார் என்று அறிந்ததிலிருந்து, நான் மருமகளிடம் மாப்பிள்ளைப் பேச்சை எடுப்பதில்லை.

தம்பி பட்டன் போனோடு இருக்கிறான். நடுவில் ஒரு தரம் சறுக்கினான், மறைக்காமல் வந்து சொன்னான். கடனில் பாதி அடைந்திருக்கிறது. செயின் இன்னும் வரவில்லை.

வருகிற சனிக்கிழமை எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில் மருமகள் பேசப் போகிறாள். முதலில் நான் எங்கள் கதையைச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். தம்பியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் வலையையே பார்த்துக்கொண்டிருந்தான். "சொல்லு அக்கா, பேரு மட்டும் வாணாம்" என்றான்.

எங்கள் குப்பத்தில் பேரைச் சொல்லாவிட்டால் மட்டும் யாருக்கும் தெரியாதா என்ன!