இலையும் அம்பும்

திருகோணமலைத் துறைமுகத்தின் தெற்கே கொட்டியாரக் குடா பரந்து கிடக்கின்றது. மகாவலி கங்கை கடலோடு கலப்பது அங்கேதான். புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் ஒன்று, பழுது பார்ப்பதற்காக அக்குடாவை நாடி வந்தது. அதன் தலைவரையும் அவர் மகன் றொபேட் நொக்ஸையும் 1660ஆம் ஆண்டில் கண்டியரசனின் ஆட்கள் சிறைப்பிடித்தனர். ஏறக்குறைய 20 ஆண்டுகளின் பின் தப்பிச் சென்ற மகன், இலங்கையைப் பற்றிய தமது நூலை 1681இல் இலண்டனில் வெளியிட்டார். அந்நூலிலே வேடரின் அம்பைப் பற்றிச் சுவையான செய்தி ஒன்று உண்டு.

அம்பு முனை வேண்டிய வேடர், இரவிலே கொல்லனது பட்டறைக்கு வந்து ஒரு சுமை இறைச்சியைத் தொங்கவிடுவராம். தாம் விரும்பும் வடிவில் வெட்டிய இலையொன்றையும் அங்கே வைத்துச் செல்வராம். கொல்லன் அவ்வண்ணமே இரும்பை அடித்துக் கொடுத்தால், மேலும் இறைச்சி கொணர்ந்து கைம்மாறு செய்வர். தவறினால் இருளில் அம்பெய்து தீங்கு புரிவர். ஒரு சொல்லும் பேசாது நிகழ்ந்த வாணிகம் இது!

முனையின் வடிவத்தில் அத்துணை கண்டிப்பு எதற்கு என்று மாணவர் வினவலாம். அம்பு விலங்கைக் கொல்வது குருதிக் குழாய்களை அறுப்பதனாலேயாம். கையால் வளைக்கும் வில்லின் ஆற்றலோ சிறிது. அச்சிறிய ஆற்றலை மூன்று நான்கு அலகுகளுக்குப் பங்கிட்டால், அம்பு ஆழமாகச் செல்லாது. இரண்டு விளிம்புடைய தட்டை முனைக்குத் தடை குறைவு. தீட்டுவதற்கும் ஒரு கல் போதும். ஆயினும் அகலம் மிகுந்தால், காற்று அதனைச் சிறகுபோலப் பற்றி அம்பை வழி தவறச் செய்யும். மிக ஒடுங்கினாலோ காயம் சிறிதாகி, விலங்கு காட்டினுள் ஓடி நெடுநேரம் துன்புற்றுச் சாகும். இன்று மேல்நாடுகளில் பழைய முறை வில்லைக் கையாளும் வேட்டைக்காரர் பலர், அகலத்தைப்போல் மூன்று மடங்கு நீளமுள்ள ஈரலகு முனையையே சிறந்ததெனக் கொள்கின்றனர். நீண்டு ஒடுங்கிய ஓர் இலையின் வடிவன்றோ அது?

பழந்தமிழ்ப் புலவரும் வேலின் அலகை 'இலை' என்றே வழங்கினர். அதனை வெறும் அணிநயம் என்று கருதுதல் பொருந்தாது. பட்டறையின் அறிவும் அச்சொல்லில் அடங்கியிருக்கின்றது.

மூதூர், வெருகல் பகுதிகளில் வேடர் வழிவந்தோர் இன்றும் வாழ்கின்றனர். அவர்கள் பேசுவது தமிழே. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்துகின்றது. அவர்களுட் பலர் பயிர்ச்செய்கையாலும் மீன்பிடியாலும் பிழைக்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் அமர்ந்து கற்றலும் கூடும். 'வேடன்' என்னும் சொல்லை வசையாக வீசுவோர் நம்மிடையே இன்னும் உளர். வீட்டிலே பெற்றோர் அதனைத் திருத்துதல் வேண்டும்.

எழுத்தறியாத ஒருவன், தன் தேவையை அளவு பிசகாமல் ஓர் இலையில் வெட்டிக் கொல்லனுக்கு உணர்த்தினான். அதனை அறியாமை என்பது எங்ஙனம்?