கருவி வந்தால் அறிவு வந்துவிடுமா?

முதியோர் கல்வியைப் பற்றிப் பேச வருகிறவர்கள் இப்போதெல்லாம் கருவியைப் பற்றியே பேசுகிறார்கள். வகுப்பில் ஒரு திரை, கையில் ஒரு செல்பேசி, அதில் பாடம். இவ்வளவும் வந்துவிட்டால் எழுத்தறியாத பெரியவர்கள் எல்லோரும் அறிவாளிகளாகி விடுவார்களாம்! நாம் கருவிகளுக்கு விரோதிகள் அல்ல. விஞ்ஞானத்தின் பயன் குடியானவனுக்கும் கூலிக்காரனுக்கும் முதலில் சேரவேண்டும் என்கிறவர்களே நாம். ஆனால் ஒன்று கேட்கிறோம். இன்று ஜாதகம் கணிப்பதும் கம்ப்யூட்டர்தானே? ராகுகாலம் சொல்லுவதும் அதே செல்பேசிதானே? கருவியே பகுத்தறிவைக் கொடுத்துவிடுமானால், சோதிடனல்லவா முதல் பகுத்தறிவுவாதியாகி இருக்கவேண்டும்?

நிற்க, 1963-ம் வருஷத்தில் பிரேசில் தேசத்து அங்கிகோஸ் என்னும் சிற்றூரில் பாவ்லோ பிரெய்ரே என்பவரும் அவரது கூட்டாளிகளும் சுமார் 300 தொழிலாளிகளுக்கு 40 மணி நேரத்தில் எழுத்துக் கற்பிக்க முனைந்தார்கள். அவர்களிடமும் ஒரு கருவி இருந்தது. படங்காட்டும் விளக்குப் பெட்டி. ஆனால் பிரெய்ரேயின் முறையில் படத்தைக் காட்டிவிட்டு உபாத்தியாயர் பிரசங்கம் செய்வதில்லை. கிணறும் மரமும் உள்ள படமானால், "இதில் மனிதன் செய்தது எது? தானாய் உண்டானது எது? கிணற்றை ஏன் வெட்டினான்?" என்று கேட்பார். பதில் சொல்லவேண்டியவர்கள் படிக்க வந்தவர்களே.

எழுத்தறியாதவனுக்கு ஓட்டு இல்லை என்பது அன்று அந்நாட்டுச் சட்டம். 1964-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. திட்டம் நின்றது; பிரெய்ரே சிறைக்குப் போனார், பிறகு நாட்டைவிட்டே போனார். எழுத்தறியாதவர்களுக்கு 1985-ல்தான் ஓட்டுரிமை கிடைத்தது. ராணுவத்தார் விளக்குப் பெட்டியைக் கண்டா பயந்தார்கள்? அதே பெட்டியில் தங்கள் புகழைக் காட்டியிருந்தால் மாலை போட்டிருப்பார்கள். "ஏன்?" என்று கேட்கப் பழகிய கூலிக்காரனைக் கண்டுதான் பயந்தார்கள்.

நம் புதுக்கோட்டையிலும் 1990-களின் துவக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். சைக்கிளும் கருவிதான். ஆனால் அதை ஓட்டியவள் அவள். போகும் இடத்தைத் தீர்மானித்தவளும் அவளே.

ஆகவே, முதியோர் வகுப்புக்குத் திரை வரட்டும். ஆனால் வயது வந்தவர்களைச் சிறு பிள்ளைகளைப்போல் வரிசையாய் உட்காரவைத்து, "பார், கேள், ஒப்பி" என்பதானால், அது பழைய கதாகாலட்சேபத்துக்குப் புது விளக்குப் போட்டதேயாகும். திரை சொன்னதையும், உபாத்தியாயர் சொன்னதையும், ஏன், நாம் எழுதும் இதையுங்கூட, "யார் சொன்னது? எதைக்கொண்டு சொன்னது? சொல்லுவதால் யாருக்கு லாபம்?" என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக் கொள்ளும் வகுப்பு, எவ்வளவு பெரிய திரை வைத்திருந்தாலும், பள்ளிக்கூடமல்ல, மடந்தான்.