சிறார் நூல்கள் சாதியைப் பேசட்டும்: எங்கள் நிலைப்பாடு

தமிழில் சிறுவர்களுக்காக எழுதுகிற, வரைகிற, பள்ளிகளில் அவர்களோடு உட்கார்ந்து வாசிக்கிற நாங்கள் இதை வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறோம். சாதி, மதம், நிறம், உணவு இவற்றின் பெயரால் பிள்ளைகளுக்கு நேரும் அவமானத்தைச் சிறார் நூல்கள் பூசி மெழுகாமல் பேச வேண்டும். அப்படிப்பட்ட நூல்களைப் பள்ளி நூலகங்கள் தயங்காமல் வாங்க வேண்டும்.

"பிஞ்சு மனசில் சாதியை ஏன் விதைக்கிறீர்கள்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். அக்கறையில் பிறந்த கேள்விதான். ஆனால் தென்மாவட்டப் பள்ளிகளில் பையன்களின் மணிக்கட்டில் கிடக்கும், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பார்த்தவர்களுக்கு, விதை எப்போதோ விழுந்துவிட்டது என்பது தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய வழக்கில் பிடிபட்டவர்கள் பள்ளி மாணவர்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் கயிறுகளுக்குத் தடை விதிக்கப் பரிந்துரைத்தது. தடை அவசியம். அதோடு, 'இதை நான் ஏன் கட்டியிருக்கிறேன்?' என்று ஒரு பையனைத் தனக்குள் கேட்கவைக்கக் கதையும் வேண்டும். விஷ்ணுபுரம் சரவணன் 'கயிறு' என்ற தலைப்பிலேயே சிறுவர்களுக்கு ஒரு கதை எழுதியிருக்கிறார். ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் இருக்க வேண்டிய புத்தகம் அது.

போதனை செய்தால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள் என்பார்கள். ஒப்புக்கொள்கிறோம். போதனை வேறு, கதை வேறு. பள்ளியில் தாகம் எடுத்தாலும் பியூன் வந்து ஊற்றினால்தான் சிறுவன் அம்பேத்கருக்குத் தண்ணீர். 2011-இல் வந்த 'பீமாயணா' நூலில் இதைக் கோண்டு பழங்குடி ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்திருக்கிறார்கள். கடுஞ்சொல் பேசுபவர்களின் பேச்சுக் குமிழிக்கு அதில் தேளின் கொடுக்கு இருக்கும். அன்பானவர்களின் பேச்சு பறவை வடிவில் வரும். எந்தச் சொல் கொட்டும் என்பதை எட்டு வயதுப் பிள்ளைக்கு அதைவிட எளிதாக யாரும் சொல்லிவிட முடியாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம். தலித் சிறுமியும் இருளர் சிறுவனும் அழுவதற்காக மட்டுமே கதைக்குள் வரக் கூடாது. பணக்காரப் பையன் இரங்கி உதவ, 'ஏழைச் சிறுவன்' நன்றியோடு நிற்கும் கதைகளை நாம் போதுமான அளவு எழுதிவிட்டோம். அந்தப் பிள்ளைகள் பேய்க்கதையில் வரட்டும், துப்பறியட்டும், மாங்காய் திருடி மாட்டிக்கொள்ளட்டும். ஹைதராபாத் அன்வேஷி அமைப்பு தெலுங்கு, மலையாளம், ஆங்கிலத்தில் கொண்டுவந்த 'மாறுபட்ட கதைகள்' வரிசையில், ஆட்டுத் தலைக்கறி சமைப்பதைச் சுற்றியே ஒரு கதை நகர்கிறது. அதில் யாரும் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. மணக்க மணக்கச் சாப்பிடுகிறார்கள். நம் வகுப்பறைகளில் டிபன் பாக்ஸைக் கையால் மறைத்துக்கொண்டு சாப்பிடும் பிள்ளைகளுக்கு அப்படியொரு கதை தமிழில் வேண்டும்.

அமெரிக்காவில் கல்வியாளர் நான்சி லாரிக் 1965-இல், மூன்றாண்டுகளில் வெளிவந்த 5,206 சிறார் நூல்களை ஆராய்ந்தார். கறுப்பினத்தவர் ஒருவராவது இடம்பெற்றவை 349 மட்டுமே. அந்தக் கணக்கு வெளியான பிறகு பதிப்பாளர்களால் அதைத் தட்டிக் கழிக்க முடியவில்லை. தமிழகப் பள்ளி நூலகங்களுக்கு வாங்கப்படும் நூல்களிலும் எந்தெந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள், யார் எழுதினார்கள், யார் வரைந்தார்கள் என்ற கணக்கைப் பள்ளிக் கல்வித் துறை எடுத்து வெளியிட வேண்டும் என்று கோருகிறோம். பதிப்பாளர்கள் மீனவக் குப்பங்களிலிருந்தும், தேயிலைத் தோட்டங்களிலிருந்தும், சேரிகளிலிருந்தும் எழுதவரும் புதியவர்களுக்கு முன்பணம் கொடுத்து எழுதவைக்க வேண்டும். வில்லனென்றால் கறுப்பு, தேவதையென்றால் வெளுப்பு என்று வண்ணம் தீட்டுவதை ஓவிய நண்பர்கள் இன்றோடு விட்டுவிட வேண்டும்.

ஆசிரியர்களே, இந்த நூல்களை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். வாரத்தில் ஒரு பாடவேளை ஒதுக்கி, வகுப்பில் உரக்க வாசியுங்கள்.