வாசகரின் தொலைபேசி இலக்கம் ஊருக்கு எதற்கு?



வன்னியிலுள்ள பொது நூலகமொன்று தன் நூற்பட்டியலை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. எந்தப் புத்தகம் இருக்கிறது, எது இரவலில் போயிருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். வாசித்தவர்கள் கருத்தும் எழுதலாம். வரவேற்க வேண்டிய முயற்சிதான். ஆனால் கருத்து எழுதியவரின் தொலைபேசி இலக்கமும் அங்கேயே ஊருக்கெல்லாம் தெரிகிறது.

அங்கத்தவர்கள் மறக்காமலிருக்க அவரவர் கைத்தொலைபேசி இலக்கத்தையே நுழைவுப் பெயராக்கியிருக்கிறார்கள். கருத்தின் கீழே அந்த நுழைவுப் பெயர்தான் விழுகிறது. சயந்தனின் 'ஆதிரை' நாவலைப் பற்றி என் பெறாமகள் நாலு வரி எழுதினாள். சில நாளில் தெரியாத ஆண் ஒருவரின் அழைப்பு: "நீங்கள்தானே அந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதினது? எந்த இடம் பிள்ளை?" பிறகு இரவிலும் அழைப்புகள். இலக்கம் கிடைத்தால் வாட்ஸ்அப்பில் முகமும் தெரிந்துவிடும். பயந்துபோய் சிம்மையே மாற்றினாள். வங்கிக்கும் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் புது இலக்கம் கொடுக்க அலைந்தாள்.

நூலகத்தில் முறையிட்டோம். கணினி வேலை தெரிந்தவர் வரவேண்டும் என்றார்கள். இலக்கங்கள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. அங்கே பாவிக்கப்படும் கோஹா, நியூசிலாந்து நூலகமொன்றுக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய இலவச மென்பொருள். கருத்தெழுதியவரை முழுப்பெயரில் காட்டுவதா, முதற்பெயரில் மட்டும் காட்டுவதா, காட்டாமலே விடுவதா என்ற தெரிவு அதிலேயே இருக்கிறது. அதை மாற்றச் சில நிமிடங்கள் போதும்.

இதைச் சின்ன விஷயம் என்பவர்கள் எங்கள் ஊர் நிலைமையை யோசிக்க வேண்டும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் போராட்டம் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள், யார் வந்தது, எங்கே போனீர்கள் என்று கேட்கும் தொலைபேசி விசாரணைகளைப் பற்றி எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்கள்! நுண்கடன் வாங்கிய பெண்கள் தவணைக்காரரின் அழைப்புக்கு அஞ்சி போனை அணைத்து வைத்த காலமும் இருந்தது. கணவனை இழந்து தனியாகப் பிள்ளைகளை வளர்ப்பவர்கள் இங்கே வீதிக்கு வீதி இருக்கிறார்கள். போரைப் பற்றிய நாவலொன்றுக்கு ஒரு பெண் எழுதும் அபிப்பிராயத்தோடு அவளுடைய இலக்கத்தையும் ஒட்டிவைப்பது அவளைக் காட்டிக்கொடுப்பதற்குச் சமம்.

தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. சட்டம் நடைமுறைக்கு வரட்டும் என்று நூலகம் காத்திருக்கத் தேவையில்லை. வாசகரின் விபரங்களை இரகசியமாகப் பேணுவது நூலகத் தொழிலின் அடிப்படை ஒழுக்கம். சர்வதேச நூலகச் சங்கங்களின் சம்மேளனம் 2012இல் வெளியிட்ட ஒழுக்கக் கோவையிலும் அது இருக்கிறது.

இலக்கங்களை இன்றே மறைக்க வேண்டும். நுழைவுப் பெயராக அங்கத்துவ இலக்கத்தைக் கொடுக்க வேண்டும். கூகுள் தேடலில் தங்கிவிட்ட பிரதிகளையும் நீக்கக் கோர வேண்டும். கருத்தெழுதிய ஒவ்வொருவருக்கும் நடந்ததை எழுத்தில் அறிவிக்க வேண்டும். பலருக்குத் தங்கள் இலக்கம் வெளியில் கிடப்பதே தெரியாது. பொது நூலகங்கள் உள்ளூராட்சி சபைகளின் பொறுப்பு. 2025 மே தேர்தலில் தெரிவான உறுப்பினர்கள் அடுத்த அமர்விலேயே இதை எடுத்து, தங்கள் சபையின் கீழுள்ள நூலகங்கள் எல்லாவற்றையும் பரிசோதிக்கச் செய்ய வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கிளிநொச்சி