கையெழுத்து மட்டும் போதுமாம்

கணக்கு எழுத ஆடிட்டர் வேண்டும், வழக்கு நடத்த வக்கீல் வேண்டும், கையெழுத்துப் போட மட்டும் மனைவி போதும். நம் குடும்பக் கம்பெனிகள் பலவற்றின் எழுதப்படாத விதி இது. தனியார் கம்பெனி தொடங்கக் குறைந்தது இரண்டு இயக்குநர்கள் தேவை. ஒருவர் அவர். இன்னொருவர் வீட்டிலேயே இருக்கிறாள். "உனக்கு இதெல்லாம் புரியாது, இங்கே போடு" என்று தாள் நீட்டப்படுகிறது.

புரியாது என்பது பொய். நான் தமிழில் முனைவர் பட்டம் பெற்றவள். வணிகவியல் வாசனை கிடையாது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் இயக்குநரைப் பற்றிய பிரிவுகளை எடுத்துப் படித்தேன். சூத்திரத்தைப் பதம் பிரிக்கத் தெரிந்தவளுக்கு அது எட்டாத நூல் அல்ல. யார் செய்ய வேண்டும், எதை, எப்போதுக்குள், செய்யாவிட்டால் என்ன? இந்த நான்கு கேள்விகள் போதும்.

சட்டம் சொல்வதைக் கேளுங்கள். தவறு நடப்பதை அறிந்தும் கூட்டத்தில் மறுப்புச் சொல்லாமல் இருந்த இயக்குநரையும் அது பொறுப்பாளியாக்குகிறது. கூட்டக் குறிப்பு கைக்கு வந்து, அதன் வழியாகத் தவறை அறிந்தவருக்கும் இதே கதிதான். பெண் பார்க்கும் நாளில் நம்மிடம் கேட்காமலே எடுத்துக்கொண்ட 'மௌனம் சம்மதம்', இங்கே குற்றப்பத்திரிகை வரை வருகிறது. மோசடி நிரூபணமானால் 10 ஆண்டுகள் வரை சிறை. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கணக்குத் தாக்கல் செய்யாத கம்பெனியின் இயக்குநர் 5 ஆண்டுகளுக்குத் தகுதியிழப்பார். 2017இல் அப்படித் தகுதியிழந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

சட்டத்தின் ஆங்கில வாசகம் இயக்குநரை 'அவன்' என்றே குறிக்கிறது. ஆனால் ஆண்பாற் சொல் பெண்ணையும் உள்ளடக்கும் என்று 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம் சொல்லிவிட்டது. லாபத்தில் 'அவன்', தண்டனையில் 'அவளும்' என்பதே நடைமுறை இலக்கணம்.

அதே 2013 சட்டம்தான் பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளுக்கு ஒரு பெண் இயக்குநராவது வேண்டும் என்றது. உடனே சில முதலாளிகள் மனைவியையும் தங்கையையும் அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு பெண் பெயர்.

பெயருக்கு இருந்த பெண்களுக்கு விலக்குக் கொடுத்துவிடலாமே என்கிறார்கள் இரக்கமுள்ளவர்கள். எனக்கு அந்த இரக்கம் வேண்டாம். நாம் பொம்மைகள்தான் என்று சட்டமே முத்திரை குத்தும் ஏற்பாடு அது. அந்த விலக்கு நம்மை முன்னிறுத்தி ஒளிந்துகொள்ளும் ஆண்களுக்குத்தான் வசதி.

என் கல்லூரியில் பி.காம். படிக்கும் பெண்கள் ஐந்தொகையைச் சமன்செய்து பரிசு வாங்குகிறார்கள். அவர்களும் ஒருநாள் வீட்டில் வாசிக்காத தாளில் கையெழுத்திடுவார்கள் என்றால், நாங்கள் கற்பிப்பது எதற்கு?

இயக்குநராக இருக்கும் பெண்ணே, 128ஆம் பிரிவு உனக்கு ஒரு உரிமை தந்திருக்கிறது. கம்பெனியின் பதிவு அலுவலகத்தில், வேலை நேரத்தில், கணக்குப் புத்தகங்களை நீ பார்க்கலாம். போய்க் கேள். தீர்மானத்தில் உடன்பாடு இல்லையென்றால் அதைக் கூட்டக் குறிப்பில் உன் பெயரோடு பதியச் சொல். பதியாமல் நீட்டப்படும் தாளில் கையெழுத்துப் போடாதே.