மூல நாடா எங்கே?

மூலனூரில் பருத்தி வியாபாரம் செய்யும் தம்பியை இந்தப் பத்தியின் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கினால் ஆம்ப்ளிஃபயர் என்ன பாடுபடும் என்று முன்பு எழுதியதே அவர் வீட்டுக் கதையைத்தான். இந்த வாரம் போன் போட்டார். "ஏனுங்கண்ணா, கோயமுத்தூர்ல ஒரு கடையில புது டேக் ஒண்ணு போட்டுக் காட்டுனாங்க. ஆம்பையும் சேர்த்து மாத்துனா ஜானகியம்மா பக்கத்துல நின்னு பாடற மாதிரி இருக்கும்ங்கறாங்க. மாத்திப்போடட்டுங்களா?" விலையைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. ஆசையோடு வருகிறவரிடம் பாதி உண்மையை மட்டும் சொல்லி அனுப்புகிற வியாபாரத்தின் மேல்.

ஆம்ப் விஷயம் எளிது. 50 வாட்டை 100 வாட்டாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். அவர் வீட்டுக் கூடத்துக்கு இப்போது இருப்பதே தாராளம். டேக் என்பது எண்களாக இருக்கும் பாட்டை மறுபடி மின்னலையாக மாற்றித் தரும் பெட்டி. 1982இல் வந்த சிடியின் 16 பிட் கணக்கிலேயே மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையே 96 டெசிபல் தூரம் கிடைக்கும். இன்று நல்ல டேக்குகள் 120ஐத் தாண்டுகின்றன. மின்விசிறி ஓடும் அறையில் அந்த மிச்ச டெசிபல்களைக் கேட்கும் காது யாருக்கும் இல்லை. இன்னும் விரிவாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவரிடம் கேட்ட அடுத்த கேள்வி என்னை வேறு பக்கம் இழுத்துவிட்டது.

"கடையில என்ன பாட்டு போட்டாங்க?" ஏதோ வெளிநாட்டுப் பெண்மணி, ஒரு பியானோ. "வீட்ல என்ன கேப்பீங்க?" இளையராஜா பாட்டு, செல்போன் ஆப்பில்.

அவர் சொன்ன ஜானகி பாட்டை அன்று ராத்திரியே தேடினேன். ஒரே பாட்டு, மூன்று இடத்தில். ஒன்றில் சுருதி கொஞ்சம் ஏறியிருக்கிறது. எங்கோ ஒரு டேப் வேகமாக ஓடியிருக்க வேண்டும். இன்னொன்றில் இரைச்சலை வடிகட்டுகிறோம் என்று தபேலாவின் பாயாவில் வரும் நீண்ட கார்வையையும் சேர்த்து வழித்துவிட்டார்கள். மூன்றாவதைக் கணினித் திரையில் திறந்து பார்த்தேன். அலையின் மேடு பள்ளமெல்லாம் மேலும் கீழும் ஒரே கோட்டில் வெட்டுண்டு நிற்கின்றன. சத்தமாகக் கேட்க வேண்டும் என்று இறுக்கிப் பிடித்ததில், பல்லவிக்கு முன் ஜானகி மூச்சு இழுப்பதும் உச்சத்தில் குரல் விரிவதும் ஒரே அளவாகிவிட்டன. அப்படி வெட்டுண்டதை எந்த டேக் வந்தாலும் ஒட்டித் தர முடியாது.

இது எப்படி நடக்கிறது? அந்தக் காலத்து ஸ்டுடியோவில் பாட்டைப் பதிந்த கால் அங்குல மூல நாடா விநாடிக்கு 38 செ.மீ. வேகத்தில் ஓடியது. வீட்டு கேசட்டின் நாடா அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை, வேகம் 4.76 செ.மீ. மூல நாடா கிடைக்காத இடத்தில் அந்த கேசட்டிலிருந்தே எடுத்து, கணினியில் மெருகு போட்டு, புதிய பதிப்பு என்று ஏற்றிவிடுகிறார்கள். மூல நாடாவுக்கும் ஆயுள் கெட்டி இல்லை. எழுபது, எண்பதுகளில் வந்த பல நாடாக்களில் காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பாலியூரித்தேன் பசை, காற்றின் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் துகள் உரிந்து ஹெட்டில் அப்பிக்கொள்ளும். ஏறத்தாழ 54 டிகிரி சூட்டில் பல மணி நேரம் பதமாக வைத்து ஈரத்தைப் போக்கினால், ஒரு பிரதி எடுக்கும் அளவுக்கு மீளும். சென்னைக் கடற்காற்றில் சாதாரண அலமாரியில் கிடக்கும் நாடாக்களை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

தம்பிக்கு இதை அவர் பாஷையிலேயே சொன்னேன். மூலனூர் விற்பனைக்கூடத்தில் பருத்தி ஏலத்துக்கு வருகிறவர் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, இரண்டு கட்டைவிரலுக்கு நடுவில் இழுத்து இழைநீளம் பார்ப்பார். இழை குட்டையென்றால் எந்த மில்லில் எந்த மெஷின் போட்டாலும் 60ஆம் நம்பர் மெல்லிய நூல் வராது. "அது சரிதானுங்க" என்றார், சட்டென்று.

பாட்டிலும் நல்ல இழைக்குக் குறைவில்லை. தமிழ்ப் படப் பாட்டுக்கு ஸ்டீரியோ வந்தது 1978இல் 'பிரியா'வோடு என்பார்கள். அதன்பின் எண்பதுகளில் எக்கோ கம்பெனி வெளியிட்ட ராஜாவின் இசைத்தட்டுகளில் வயலின் கூட்டம் இடம் வலமாக விரிந்து உட்கார்ந்திருப்பதை இன்றும் கேட்கலாம். அந்தத் தட்டுகளை வீடு வீடாகத் தேடி வாங்கி, கழுவி, எண்ம வடிவில் சேமிக்கும் ரசிகர்கள் நம்மூரில் சத்தமில்லாமல் செய்வது பெரிய தொண்டு. மும்பையில் இசைத்தட்டு சேகரிப்பாளர் சங்கத்தின் சுரேஷ் சந்த்வாங்கர், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு பழைய ஓடியன் கம்பெனித் தட்டுகளை எண்மமாக்கினார். படச்சுருளைக் காக்க 1964இலேயே புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் வந்துவிட்டது. பாட்டு நாடாக்களுக்கென்று சென்னையில் குளிரூட்டி ஈரம் போக்கிய ஓர் அறை வேண்டும். பதிப்புரிமையை விலைபேசி வாங்குகிற கம்பெனிகள் அந்த நாடாவையும் தேடிக் காக்கும் கடமையைச் சேர்த்தே வாங்க வேண்டும். இதை இன்னும் பத்து தடவையானாலும் எழுதுவேன்.

தம்பி டேக் வாங்கவில்லை. அப்பாவின் தட்டுகள் அட்டாலியில் கிடக்கின்றனவாம், என்ன செய்வது என்று கேட்டார். அவரைப் போன்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள், நட்டுக்குத்தலாக நிறுத்துங்கள். வெயில் விழும் சுவரோரம் வேண்டாம். உறையைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த வருடம், எந்தக் கம்பெனி என்பதற்கு அதுவே சாட்சி. பதிவு செய்யும்போது 24 பிட்டில், இரைச்சலை வடிகட்டாமல், அப்படியே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். மெருகு போடும் ஆசை இருந்தால் அது இன்னொரு பிரதியில். பிளேயரின் ஊசி தேய்ந்திருந்தால் புது ஊசி வரும்வரை தட்டைப் போட்டுப் பார்க்கவே வேண்டாம்.