நஷ்டம் எங்கே பிறக்கிறது?

“சர்க்கார் பஸ் நஷ்டத்தில் ஓடுகிறது. டிரைவர் டீசலைக் கரியாக்குகிறான். பெண்களுக்கெல்லாம் ஓசி டிக்கெட். தனியாரிடம் விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்!”

இந்தப் பல்லவியை டீக்கடையிலும் கேட்கிறோம்; பெரிய மனிதர்களின் பத்திரிகைகளிலும் படிக்கிறோம். பாடுகிறவர்கள் காரில் போகிறவர்கள். தலையாட்டும்படி எதிர்பார்க்கப்படுகிறவர்களோ பஸ்ஸை நம்பிப் பிழைக்கும் நாம்!

ஆகவே, தோழர்களே, கணக்கையே எடுத்துப் பார்த்துவிடுவோம். வாரக் கூலியில் நாலணா குறைந்தாலும் கண்டுபிடிக்கிற நமக்கு இந்தக் கணக்கு ஒன்றும் பெரிதல்ல.

யாருடைய பஸ்?

ஒரு காலத்தில் இந்த ராஜ்யத்தின் பெரிய ரூட்டுகளெல்லாம் தனி முதலாளிகளின் கையில் இருந்தன. மதுரையில் டி.வி.எஸ்., பொள்ளாச்சியில் ஏ.பி.டி., கும்பகோணத்தில் ராமன் அண்டு ராமன். லாபமுள்ள ரூட்டில் பஸ் ஓடியது. சேரிக்கும் குப்பத்துக்கும் போகிற ரூட்டைச் சீந்துவாரில்லை. 1972ல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று சர்க்கார் கழகங்கள் வந்தன. 1975ல் விழுப்புரத்தில் தந்தை பெரியார் கழகம் வந்தது. 1997ல் தலைவர்களின் பெயர்கள் எடுக்கப்பட்டன. இன்று எட்டுக் கழகங்கள், சுமார் 20,000 பஸ்கள். நம் சிதம்பரம் பஸ்கள் விழுப்புரம் கழகத்தைச் சேர்ந்தவை.

இந்தப் பஸ்ஸில் யார் ஏறுகிறார்கள்? கிள்ளையிலிருந்தும் புவனகிரியிலிருந்தும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள். சேத்தியாத்தோப்பு, நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைகளுக்கு ஷிப்டு பார்க்கப் போகிற தொழிலாளிகள். அண்ணாமலை நகர் பல்கலைக்கழகத்தில் படிக்கிற கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைகள். 2021ல் சர்க்கார் ஆஸ்பத்திரியான பழைய ராஜா முத்தையா ஆஸ்பத்திரிக்கு நோயாளியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வருகிற ஜனங்கள்.

ஒரு டிரிப் ரத்தானால் ஆபீசில் அது காகிதத்தில் ஒரு கோடு. நடவுக்காரிக்கோ அன்றையக் கூலி போயிற்று! ஆலைத் தொழிலாளிக்கு ஷிப்டு போயிற்று! வண்டி நிர்வாகம் திறமையாக நடக்கிறதா என்று அளக்க இதைவிட நல்ல அளவுகோல் உண்டா?

டீசல் டிரைவர் காலில் மட்டுமா?

டீசல் சிக்கனம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஒரு பஸ் நாளைக்கு 400 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கொடுத்தால் 80 லிட்டர் செலவு. ஐந்தரை கொடுத்தால் ஏறக்குறைய 73 லிட்டர். ஒரு வண்டிக்கு ஒரு நாளில் 7 லிட்டர் மிச்சம்! 20,000 வண்டிக்குப் பெருக்கிப் பாருங்கள். இது ஜனங்களின் பணம். மிச்சம் பிடிக்கத்தான் வேண்டும். தமிழ்நாட்டுக் கழகங்கள் டீசல் சிக்கனத்துக்கு அகில இந்திய விருதுகள் வாங்கியவை. அந்த விருது யாருடைய உழைப்பில் வந்தது?

டிரைவர் கிளச்சில் காலை வைத்தபடியே ஓட்டினால் டீசல் போகும். திடீர் திடீரென்று பிரேக் அடித்தாலும் போகும். உண்மை. ஆனால் டயரில் காற்றுக் குறைவு. ஏர் பில்டரில் அழுக்கு. நாசில் சரியாகத் தெளிக்கவில்லை. பிரேக் விடாமல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே வருகிறது. இவையெல்லாம் யார் குற்றம்? டிரைவர் எவ்வளவு மெதுவாக மிதித்தாலும் அந்த வண்டி டீசலைக் குடித்தே தீரும். இது ஷெட்டில் தீர வேண்டிய விஷயம். ஷெட்டில் போதுமான மெக்கானிக் வேண்டும். கேட்ட நாளில் ஸ்பேர் பார்ட்ஸ் வேண்டும். ஒரு வண்டியை நிறுத்திப் பழுது பார்க்க, அதன் இடத்தில் ஓட மாற்று வண்டி வேண்டும். இவற்றைக் கொடுக்காமல் டிரைவர் கையில் மெமோவைக் கொடுத்தால் மைலேஜ் வருமா?

ஆள் விஷயத்துக்கு வருவோம். 2025 மார்ச்சில் 3,274 டிரைவர்-கண்டக்டர் வேலைகளுக்கு மனுக் கேட்டார்கள். அத்தனை இடம் ஒரே ராத்திரியிலா காலியாயிற்று? இடத்தைக் காலியாகவே போட்டுவைத்தால் ஒன்று வண்டி நிற்கும். இல்லையென்றால் தூங்காத கண்ணோடு ஒருவன் இரட்டை டூட்டி பார்ப்பான். முன்னது நஷ்டம். பின்னது உயிருக்கு ஆபத்து.

நிற்கிற வண்டியும் தின்னும்

மாட்டைக் கட்டிப்போட்டால் தீனி நின்றுவிடுமா? பஸ்ஸும் அப்படித்தான். டிப்போவில் நின்றாலும் கடனுக்கு வட்டி உண்டு. ஆபீஸ் செலவு உண்டு. வரும்படி மட்டும் இல்லை. அதனால்தான், ஓட வேண்டிய டிரிப்பை வெட்டுவது சிக்கனம் என்பது சுத்தப் பம்மாத்து!

காலை வண்டியை வெட்டுகிறார்கள். ஜனங்கள் ஷேர் ஆட்டோவுக்குப் போகிறார்கள். மத்தியான வண்டியில் கலெக்ஷன் விழுகிறது. “இந்த ரூட்டில் கூட்டமில்லை” என்று அதையும் வெட்டுகிறார்கள். நோயை உண்டாக்கிவிட்டு, நோயாளி தானாகச் செத்தான் என்று எழுதுகிற வைத்தியம் இது!

2023ல் பழைய சேஸின்மேல் புதுக் கூடு கட்டி, மஞ்சள் வர்ணம் பூசி விட்டார்கள். கூடு ஒழுகாமலிருப்பது நல்லதுதான். ஆனால் வயதான வண்டிக்குப் புதுச் சட்டை போட்டால் முதுகெலும்பு நிமிருமா? காலம் முடிந்த வண்டியைக் கழித்துவிட்டுப் புது வண்டி வாங்குவதே முறை.

மேலிருந்து விழுந்த அடி

2013 ஜனவரியில் டில்லி சர்க்கார் ஒரு விசித்திரம் செய்தது. மொத்தமாக டீசல் வாங்குகிறவர்களுக்குச் சில்லறை விலையைவிட லிட்டருக்குப் பத்து ரூபாய்க்கு மேல் கூட்டியது. ஊரில் மூட்டையாக வாங்கினால் விலை குறையும். இங்கே மூட்டையாக வாங்கியவனுக்குத் தண்டம்! சொந்த டிப்போவில் பங்க் வைத்திருந்த சர்க்கார் பஸ் தனியார் பங்க்கைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. இந்த நஷ்டத்தை எந்த டிரைவர் தலையில் எழுதுவது?

2018 ஜனவரியில் கழகத் தொழிலாளிகள் 4ந் தேதி முதல் 11ந் தேதி வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளத்தில் பிடித்த பணமே உரிய இடத்தில் கட்டப்படாமல் கழகச் செலவுக்குப் போகிறது என்று சங்கங்கள் அப்போது குற்றம் சாட்டின. அதே மாதம் 20ந் தேதி வெளியூர் சாதாரண பஸ் கட்டணம் கிலோமீட்டருக்கு 42 காசிலிருந்து 60 காசாக ஏறியது. ஜனங்கள் தெருவுக்கு வந்த பிறகு குறைத்தார்கள். எவ்வளவு? இரண்டே காசு!

ஓசி டிக்கெட்டா?

2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்ல காரியம். அந்தச் செலவு சர்க்கார் கஜானா கழகத்துக்குக் கட்ட வேண்டிய கணக்கு. உத்தரவு போட்டவர் பணத்தை முழுசாக, நாள் தவறாமல் கொடுக்கட்டும்! நடவு வயலில் முதுகு ஒடிகிறவளைப் பார்த்து “ஓசி” என்று சொல்ல எவனுக்கும் யோக்கியதை இல்லை.

இந்த இடத்தில் நம் பஸ் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பெண்கள் கூட்டமாக நிற்பதைப் பார்த்துவிட்டு ஸ்டாப்பைத் தாண்டி நிறுத்துகிறவர் எங்கோ ஒருவர் இருக்கலாம். அந்த ஒருவர், கழகத்தை விற்கத் துடிப்பவனுக்குத் தம்மையறியாமல் சாட்சி சொல்கிறார். அந்தப் பெண்கள் நம் தாய்மார்கள். நாளை டிப்போவைக் காக்க உங்களோடு நிற்கப்போகிறவர்களும் அவர்களே.

தனியார் வந்தால்?

சென்னையில் 2025 ஜூன் 30ந் தேதி 120 மின்சார பஸ்கள் இறங்கின. புகையில்லாத பஸ்ஸை வரவேற்கிறோம். ஆனால் ஏற்பாட்டைப் பாருங்கள். வண்டியும் டிரைவரும் கம்பெனிக்குச் சொந்தம். கண்டக்டர் கழகத்தைச் சேர்ந்தவர். ஓடுகிற கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கம்பெனிக்குப் பணம். கூட்டம் ஏறினாலும் ஏறாவிட்டாலும் கம்பெனிக்கு வரவு உண்டு. கலெக்ஷன் விழுந்தால் நஷ்டம் கழகத்துக்கு, அதாவது நமக்கு! லாபத்தைத் தனியாருக்கும் நஷ்டத்தை ஜனங்களுக்கும் பங்கு பிரிப்பதற்குத் திறமை என்று பெயரா?

கணக்கை வாசலில் எழுதுங்கள்!

நாம் கேட்பது இதுதான். ஒவ்வொரு டிப்போ வாசலிலும் ஒரு பலகை வையுங்கள். இன்று ஓட வேண்டிய டிரிப் எத்தனை, ஓடியது எத்தனை, நின்றது ஏன் என்று எழுதுங்கள். ஷெட்டில் எத்தனை இடம் காலி, எத்தனை வண்டி ஸ்பேர் இல்லாமல் நிற்கிறது என்றும் எழுதுங்கள். மாதத்துக்கு ஒருமுறை டிரைவர், கண்டக்டர், மெக்கானிக், பயணம் செய்கிற ஜனங்கள் எல்லோரையும் உட்காரவைத்துக் கணக்குப் பேசுங்கள். எந்த வண்டியின் பிரேக் பிடிக்கிறது என்று மெக்கானிக் சொல்வார். எந்த ஊரில் விடியற்காலை வண்டி வேண்டும் என்று நடவுக்காரி சொல்வாள். இதற்கு வெளிநாட்டு நிபுணர் யாரும் வேண்டியதில்லை.

ஆலைத் தோழர்களே, வயல் தோழர்களே! நாளை உங்கள் ஊர் வண்டி வராவிட்டால் சபித்துவிட்டு ஆட்டோ ஏறாதீர்கள். நாலு பேராகச் சேர்ந்து டிப்போவுக்குப் போங்கள். ஏன் வரவில்லை என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். நம் பணத்தில் வாங்கிய வண்டி. கணக்குக் கேட்கும் உரிமையும் நம்முடையதே!